மண்ணின் இருப்புக் கணக்கு

2015 அக்டோபரில் துவரம் பருப்பு கிலோ 200 ரூபாயை எட்டியதை நம் வீட்டுப் பெண்மணிகள் மறந்திருக்க மாட்டார்கள். மும்பைப் பருப்பு மண்டியில் நாற்பது வருஷம் உட்கார்ந்தவன் என்பதால், என்னிடம் காரணம் கேட்காதவர் இல்லை. ஒரு முக்கியக் காரணம் லாத்தூர்ப் பக்கத்து மண். 2014, 2015 இரண்டு வருஷமும் நாடு முழுக்கப் பருவமழை 12, 14 சதவீதம் குறைந்தது. 2016 ஏப்ரலில் மீரஜிலிருந்து லாத்தூருக்கு ரயிலில் குடிதண்ணீர் போயிற்று.

இனி இப்படி எத்தனை தடவை வரும்? மழையை மட்டும் பார்த்தால் விடை கிடைக்காது. நம்ம கடைப் பேரேடு மாதிரிதான் அன்பர்களே: மழை வரவு, ஆவியாவது, பயிர் உறிஞ்சுவது, ஓடி வடிவது செலவு, மிச்சம் மண்ணின் ஈரம். மேல்மண் சில நாளில் காயும். கரிசலின் ஆழத்து ஈரமோ மாதக்கணக்கில் நிற்கும். துவரையின் வேர் ஆழமாக இறங்குவதால், மழை நின்ற பிறகும் அந்த ஈரத்தில்தான் காய் பிடிக்கிறது. மண் காய்ந்து கிடந்தாலோ, அடுத்த மழையின் முதல் பங்கை அதுவே குடித்துவிடும். கிணற்றுக்கும் அணைக்கும் மீதிதான்.

இந்தக் கணக்கைக் கணினியில் எழுதுவதே காலநிலை மாதிரி. உலக மாதிரிகள் பூமியை 100, 200 கிலோமீட்டர் கட்டங்களாகப் பிரிக்கின்றன. அதில் மேற்குத் தொடர்ச்சி மலை சும்மா ஒரு மேடாகிவிடும்; மகாபலேஸ்வரத்தின் அடைமழையும் மராத்வாடாவின் மழைமறைவும் கலந்துபோகும். வட்டார மாதிரி நம் பகுதியை மட்டும் எடுத்து 50, 25 கிலோமீட்டர் கட்டங்களாக நறுக்குகிறது. மலை எழுந்து நிற்கிறது. புனேயிலுள்ள இந்திய வெப்பமண்டல வானிலை ஆய்வு நிறுவனம் தெற்காசியாவுக்கு இதைச் செய்திருக்கிறது.

எல்லையில் நுழையும் காற்றையும் ஈரத்தையும் மட்டும் உலக மாதிரியிடம்தான் வாங்க வேண்டும். வருகிற சரக்கே மட்டமென்றால் சல்லடை என்ன செய்யும்? அதனால் மழை விஷயத்தில் மாதிரிகள் ஒன்றுக்கொன்று முரண்படுகின்றன. வெப்பம் கூடும் என்பதில் மட்டும் ஒரே பேச்சு. ஒரு டிகிரி ஏறினால் காற்று ஏறக்குறைய 7 சதவீதம் கூடுதல் நீராவி தாங்கும். ஆக, வரவு அதேயிருந்தாலும் செலவு ஏறுகிறது.

எந்த வருஷம் பருப்பு வாங்கி வைக்கலாம் என்று இதில் பார்க்க முடியாது. முப்பது வருஷத்தில் வறட்சி எத்தனை முறை வரக்கூடும் என்றுதான் சொல்லும். பல மாதிரிகளில் மனிதன் இறைக்கும் தண்ணீருக்குப் பற்று வைக்கவே இடமில்லை. மராத்வாடாவின் கரும்பை நினைத்தால் அது சின்ன விஷயமா? சரிபார்ப்பதும் சிரமம். 2015-ல் ஏவிய ஸ்மாப் செயற்கைக்கோள் மேல் 5 சென்டிமீட்டர் ஈரத்தைத்தான் நேராக உணர்கிறது. துவரை வேர் இருக்கும் ஆழத்தை அறிய வயலிலேயே கருவி புதைக்க வேண்டும். மழைமானிகளோடு ஒப்பிட்டால் அவை சொற்பம்.