முதல் பாடம்: கன்ட்ரோல் இசட்

தட்டச்சுப் பயிலகம் நடத்திய காலத்தில் என் மேசையில் எப்போதும் ஒரு வெள்ளை மை பாட்டில் இருக்கும். எழுத்து தப்பினால் அதைப் பூசி, ஊதிக் காயவைத்து, மேலே அடிக்க வேண்டும். கார்பன் வைத்து மூன்று பிரதி எடுக்கும்போது தப்பினால் மூன்று தாளும் பாழ். லோயர், ஹையர் தேர்வுகளில் பிழைக்குப் பிழை மதிப்பெண் போகும். பிழைக்குப் பயந்த விரல்களைத்தான் நான் பல வருடம் பழக்கினேன்.

இன்று அதே கூடத்தில் ஆறு கணினிகள். சனி, ஞாயிறு மாலைகளில் சுயஉதவிக் குழுப் பெண்கள் வருகிறார்கள். பெரும்பாலோர் நாற்பதைத் தாண்டியவர்கள். கைப்பேசியில் தயங்காமல் வீடியோ பார்ப்பவர்கள், மவுஸைத் தொட்டதும் கேட்பது ஒன்றுதான்: "டீச்சர், எதையாவது அமுக்கிக் கெட்டுப்போயிருச்சின்னா?"

அதனால் முதல் நாள் வேர்ட், எக்செல் பேச்சையே எடுப்பதில்லை. ஒரு பக்கக் கடிதத்தைத் திறந்து, எல்லோரும் பார்க்க முழுவதையும் அழிக்கிறேன். "ஐயோ" என்ற சத்தம் எழும். "கன்ட்ரோலை அமுக்கிக்கிட்டே இசட்டத் தட்டுங்க" என்கிறேன். கடிதம் திரும்பி வரும். அதற்குப் பிறகு அவர்கள் விரலில் அந்தப் பழைய நடுக்கம் இருப்பதில்லை.

அடுத்தது தமிழ். 1999-இல் தமிழக அரசு ஏற்ற தமிழ்99 விசைப்பலகையில்தான் பழக்குகிறேன். உயிரெழுத்துகள் இடக்கைப் பக்கம், மெய்கள் பெரும்பாலும் வலக்கைப் பக்கம். ஒரே மெய் அடுத்தடுத்து வந்தால் புள்ளி தானே விழும். "அம்மா" என்று அடிக்க அ, ம, ம, ஆ என நான்கு தட்டு போதும். பள்ளியில் படித்த எழுத்தே விசையிலும் இருப்பதால் ஆங்கிலம் தெரியாதவரும் ஒதுங்கி நிற்க வேண்டியதில்லை.

மூன்றாம் வாரம் ஒவ்வொருவரும் ஒரு மனு அடிக்கிறார்கள். தெருவிளக்கு, குடிநீர், பட்டா என்று அவரவர் தேவைதான் பாடம். சேமிக்கும்போது "மனு1" என்று பெயர் வைக்க விடமாட்டேன். "தெருவிளக்கு மனு ஜூன்" என்று வைத்தால்தான் ஆறு மாதம் கழித்தும் தேடி எடுக்க முடியும்.

திரும்ப எடுக்க முடியாதவற்றையும் சொல்லித் தருகிறேன். அழித்த கோப்பு ரீசைக்கிள் பின்னில் இருக்கும்வரை மீட்கலாம். அதையும் காலி செய்துவிட்டால் கஷ்டம். பென் டிரைவில் அழித்தது பெரும்பாலும் அங்கே போவதே இல்லை. எல்லாவற்றையும்விட, யாரோ கேட்டார்கள் என்று சொல்லிவிட்ட ஓடிபிக்குக் கன்ட்ரோல் இசட் கிடையாது. பணம் போனது தெரிந்ததும் 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணுக்கு அழைக்க வேண்டும். எவ்வளவு சீக்கிரம் சொல்கிறோமோ, அந்தப் பணத்தை வழியில் முடக்க அவ்வளவு வாய்ப்பு. இந்த எண்ணை எல்லோரும் நோட்டின் முதல் பக்கத்தில் எழுதிவைத்திருக்கிறார்கள்.

வீட்டில் அம்மாவுக்கோ அத்தைக்கோ கணினி கற்றுத் தருகிறவர்களிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். அவர்கள் தடுமாறும்போது மவுஸைப் பிடுங்கி நீங்களே செய்து காட்டாதீர்கள். தப்பாகவே அமுக்கட்டும், தாங்களே மீட்டெடுக்கட்டும். ஓடிபி கேட்கும் இடத்தில் மட்டும் கையை எடுக்கச் சொல்லிக் கொடுங்கள்.