வாசலில் காவல், செல்போனில் வேவு

மும்பை கிங்ஸ் சர்க்கிளில் ஹார்பர் ரயில் ஏறி சி.எஸ்.எம்.டி.யில் இறங்கினால், நடக்கும் தூரத்தில் கடற்படைத் தளம். வாசலில் துப்பாக்கிக் காவல். வேவுக்காரர்கள் வந்ததோ செல்போன் வழியாக. ஃபேஸ்புக்கில் சிநேகிதிகளாக அறிமுகமானவர்களிடம் கப்பல்களின் நடமாட்டத்தைச் சொன்னதாக, 2019 டிசம்பரில் மும்பை, விசாகப்பட்டினம் உள்ளிட்ட ஊர்களில் கடற்படையினர் 7 பேர் கைதானார்கள். உடனே கப்பல்களிலும் தளங்களிலும் ஸ்மார்ட்போனுக்குத் தடை.

ராணுவம் ஒரு படி மேலே போய், 2020 ஜூலையில் ஃபேஸ்புக் உட்பட 89 செயலிகளை நீக்கச் சொன்னது. தவறு செய்யாதவர்களுக்கும் சேர்த்துத்தான் இந்தத் தண்டனை. ஜம்மு காஷ்மீரில் பணியாற்றிய லெப்டினன்ட் கர்னல் ஒருவர், வெளிநாட்டிலுள்ள மகளுடன் தொடர்புகொள்ள ஃபேஸ்புக் வேண்டும் என்று டெல்லி உயர் நீதிமன்றத்துக்குப் போனார். ஆணை பிடிக்காவிட்டால் ராஜினாமா செய்யலாமே என்றனர் நீதிபதிகள். ஆகஸ்டில் மனு தள்ளுபடியானது.