திரைக்குப் பின்னால் – 9: தோசையில் விழுந்தது, சோற்றில் விழவில்லை

தைப்பூசக் காவடிகள் இறங்கி இரண்டு வாரம் ஆகியிருந்தது. மறுநாள் சீனப் புத்தாண்டு. மலேசியா முழுக்கக் கைப்பேசிகளில் வாழ்த்துகள் குவிந்துகொண்டிருந்த நேரம். 2018 பிப்ரவரி 15, வியாழக்கிழமை. ஒரே ஒரு தெலுங்கு எழுத்து ஐபோன்களைச் சாய்க்கிறது என்ற செய்தி அன்றுதான் உலகெங்கும் பரவியது.

மலாக்கா மாநிலத்து ஜாசினில் ஒரு வீட்டுப் புலனக் குழுவில் அந்த எழுத்து வந்து விழுந்ததாக வைத்துக்கொள்வோம். உரையாடலைத் தொட்டதும் செயலி மூடிக்கொள்ளும். திறந்தால் மறுபடி மூடும். செய்தி அறிவிப்பாகத் திரையில் எட்டிப் பார்த்தால் நிலைமை இன்னும் மோசம். முகப்புத் திரையை நடத்தும் ஸ்பிரிங்போர்ட் என்ற நிரலே விழுந்துவிடும். “சித்தப்பா, போனக் கீழ போட்டீங்களா?” என்று அண்ணன் மகன் கேட்பான். பாவம், அவன் மேல் குற்றமில்லை. விழுந்த பொருளைப் பார்த்தால் யாருக்கும் அந்தக் கேள்விதான் வரும். அன்று இணையத்தில் உலவிய கைவைத்தியமும் விநோதமானதுதான்: வேறொருவரை உங்களுக்குச் செய்தி அனுப்பச் சொல்லுங்கள், அவருடைய உரையாடல் வழியாக உள்ளே நுழைந்து, வில்லங்கமான உரையாடலை அழித்துவிடுங்கள்.

பொத்தான், பட்டியல், எழுத்துப் பெட்டி ஆகியவற்றைச் சென்ற வாரம் பார்த்தோம். திரையில் நாம் தொடும் இந்தத் துண்டுகளுக்கு நிரலாளர்கள் வைத்திருக்கும் பெயர் விட்ஜெட். ஆண்ட்ராய்டும் ஐஓஎஸும் ஆயத்தமாகத் தருவது பிடிக்காமல் ஒருவர் தாமே ஒன்றைச் செய்துகொண்டால், அது ஏன் கிராஷ் ஆகிறது, எப்படித் துப்புத் துலக்குகிறார்கள் என்பது இந்த வாரக் கதை.

முதலில் அந்தத் தெலுங்கு எழுத்து. உச்சரிப்பில் அது ‘ஜ்ஞா’. தெலுங்கில் ஞானம் என்ற சொல் தொடங்குகிற எழுத்து அதுதான் என்பதை விதியின் குறும்பு என்றுதான் சொல்ல வேண்டும். ஆனால் தெலுங்கர் அன்றாடம் எழுதும் ‘ஜ்ஞா’ எந்தப் போனையும் சாய்க்கவில்லை. சாய்த்த எழுத்தில் ஐந்து குறியீடுகள் இருந்தன: ஜ, புள்ளிக்கு இணையான குறி, ஞ, கண்ணுக்குத் தெரியாத ஒன்று, கடைசியில் கால். அந்தத் தெரியாத ஒன்றுக்கு அகலமே கிடையாது. பக்கத்து எழுத்துகளை ஒட்டவிடாமல் பிரித்து வைப்பது மட்டுமே அதன் வேலை. தமிழிலும் அது உண்டு. மலாக்காவின் சிவப்புக் கட்டடங்களுக்கு முன்னால் பூவும் பாட்டுமாக நிற்கிற வண்டியை ‘ரிக்‌ஷா’ என்று தட்டச்சு செய்யும்போது, க் என்பதும் ஷ என்பதும் ‘க்ஷ’ என்று ஒட்டிக்கொள்ளாமல் நடுவில் நிற்பது அதுவேதான்.

அப்போது மொஸில்லாவில் பணியாற்றிய மனீஷ் கோரேகாவ்கர் என்ற பொறியாளர் இந்தப் பிரச்சினையைப் பிடித்துக்கொண்டார். ஆப்பிளின் மூல நிரல் அவர் கையில் இல்லை. அவர் செய்தது எளிமையானது, பொறுமையைச் சோதிப்பது. ஐந்து குறியீடுகளில் ஒன்றை மட்டும் மாற்றுவார், விழுகிறதா என்று பார்ப்பார், அடுத்ததை மாற்றுவார். இப்படியே போய், இது ஒற்றை எழுத்தின் குற்றம் அல்ல, தெலுங்கு, வங்காளம், தேவநாகரி மூன்றிலும் ஒரு குறிப்பிட்ட வடிவ வரிசையே விழ வைக்கிறது என்று காட்டினார். இரண்டாவது மெய் முதல் மெய்யின் அடியிலோ பக்கத்திலோ உருமாறி ஒட்டிக்கொள்ளும் வரிசை அது. அவர் பட்டியலில் தமிழ் இல்லை. மெய்யின் தலையில் புள்ளி வைத்துவிட்டு அடுத்த எழுத்தை முழுசாக எழுதுவது நம் வழக்கம். தொல்காப்பியர் காலத்துப் புள்ளிக்கு இப்படியும் ஒரு பயன்!

பிப்ரவரி 19 அன்று ஆப்பிள் ஐஓஎஸ் 11.2.6 பதிப்பை வெளியிட்டது. நினைவகம் சிதைந்ததுதான் காரணம் என்று அதன் பாதுகாப்புக் குறிப்பு ஒப்புக்கொண்டது. இதற்கு முன்பு 2015 மே மாதத்திலும் இப்படி ஒரு செய்தி ஐபோன்களைப் படுக்க வைத்திருக்கிறது. அதில் ஆங்கிலச் சொற்களும் அரபு எழுத்துகளும் கலந்திருந்தன. நீளமான செய்தியை அறிவிப்புப் பட்டைக்குள் அடக்க, வாலை வெட்டிச் சுருக்கும் இடத்தில்தான் அன்று சிக்கல்.

நினைவகம் எப்படிச் சிதைகிறது? இதற்குத் தமிழிலேயே நல்ல உதாரணம் இருக்கிறது.

ஜாசின் பட்டணத்தில் ஓர் உணவகம், ஆர்டர் எடுக்க ஒரு செயலி செய்யச் சொல்கிறது என்று கற்பனை செய்வோம். நிரல் எழுதும் இளைஞர் உணவுப் பெயர்களை வரைய ஒரு விட்ஜெட்டைத் தாமே உருவாக்குகிறார். எத்தனை குறியீடு சேமிக்கப்பட்டிருக்கிறதோ அத்தனை கட்டங்கள் ஒதுக்கி, ஒவ்வொரு வடிவத்தையும் ஒரு கட்டத்தில் வைக்கிறார். ஆங்கில மெனுவில் எல்லாம் ஒழுங்காக ஓடுகிறது. தமிழில் ‘சோறு’ வருகிறது, ‘ரொட்டி’ வருகிறது, ‘தோசை’யைத் தொட்டால் மட்டும் அரை நிமிடம் கழித்துச் செயலி விழுகிறது. தோசை மேல் என்ன கோபம்?

எண்ணிப் பார்த்தால் தெரியும். ‘சோறு’ என்பதில் சேமித்த குறியீடு நான்கு: ச, ஓகாரக் குறி, ற, உகாரக் குறி. வரையும்போது ஓகாரக் குறி கொம்பாகவும் காலாகவும் பிளக்கிறது. ஆனால் ‘று’ ஒரே வடிவமாகச் சேர்ந்துவிடுகிறது. கூடியது ஒன்று, குறைந்தது ஒன்று, கணக்கு நேர். ‘ரொட்டி’யில் ஆறு குறியீடு, ‘ட்’ என்பதும் ‘டி’ என்பதும் சேர்ந்த வடிவங்களாக இருக்கும் எழுத்துருக்களில் ஐந்து வடிவம்தான், ஒரு கட்டம் மிச்சம். ‘தோசை’யிலோ குறியீடு நான்கு, வடிவம் ஐந்து. கொம்பு, த, கால், ஐகாரக் கொம்பு, ச. ஐந்தாவது வடிவம் வேலியைத் தாண்டி, பக்கத்து நிலத்தில் போய் விழுகிறது.

ஜாவாவிலோ கோட்லினிலோ எழுதியிருந்தால் அந்த வரியிலேயே, ‘எல்லை மீறல்’ என்று நிரல் நின்றுவிடும். சி++ அப்படிச் சத்தம் போடாது. பக்கத்து நிலத்தில் வேறு ஏதோ விட்ஜெட்டின் விவரம் இருக்கும். அதன் மேல் எழுதிவிட்டு அமைதியாகப் போய்விடும். அந்த விவரம் தேவைப்படும்போதுதான் குப்புற விழும். விழுந்த நேரத்தில் எந்த வேலை எதை அழைத்தது என்று காட்டும் அடுக்குப் பட்டியலில் பொத்தானின் பெயர் இருக்கும், பில் போடும் நிரலின் பெயர் இருக்கும். தோசையின் பெயர் இருக்காது. புதியவர்கள் நாள் கணக்கில் பொத்தானைத் திருத்திக்கொண்டு உட்கார்ந்திருப்பது இதனால்தான்.

இந்த வேலி தாண்டலைப் பிடிக்க கூகுள் பொறியாளர்கள் 2012இல் அட்ரஸ் சானிடைசர் என்ற கருவியை விளக்கிக் கட்டுரை வெளியிட்டார்கள். ஒதுக்கிய ஒவ்வொரு துண்டு நினைவகத்தைச் சுற்றியும் அது தடை நிலம் வைக்கிறது. யாராவது அதில் கால் வைத்தால், வைத்த நொடியிலேயே நிரலை நிறுத்தி, எந்த வரி என்று சொல்லிவிடும். நிரல் ஏறக்குறைய இரு மடங்கு மெதுவாக ஓடும். சோதனைச் சாலையில் அது பெரிய விலை இல்லை.

இன்னொரு வகைக் கிராஷ் உண்டு. தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்கு அதைச் சொல்வது சுலபம். புக்கிட் அசாஹான் பக்கத்துத் தோட்டங்களானாலும் சரி, வேறெங்கானாலும் சரி, விடியற்காலைப் பெரட்டில், அதாவது ஆள் கணக்கெடுப்பில், வருகையைப் பதியும் செக்ரோல் புத்தகம் ஒரு கிராணியின் (எழுத்தரின்) கையில்தான் இருக்கும். இரண்டு பேர் ஒரே நேரத்தில் அதில் பெயர் எழுதினால் சம்பள நாளில் சண்டை வரும். கைப்பேசித் திரையும் அப்படித்தான். திரையை மாற்றும் உரிமை முதன்மை இழை எனப்படும் ஒரே வேலையாளுக்குத்தான். இணையத்திலிருந்து படம் கொண்டுவரும் இன்னொரு இழை நேராக விட்ஜெட்டில் கை வைத்தால், ஆண்ட்ராய்டு பெரும்பாலும் அங்கேயே கையைத் தட்டிவிட்டுச் செயலியை நிறுத்தும். ஐபோனில் நிலைமை வழுக்கலானது: பத்து முறை சரியாக ஓடி, பதினோராவது முறை விழும். 2017இல் எக்ஸ்கோட் 9 வந்தபோது ஆப்பிள் இதற்கென்றே ஒரு சோதிப்பானைச் சேர்த்துக் கொடுத்தது.

தமிழை இந்தச் சிறு திரைகளுக்குள் கொண்டுவந்ததில் மலேசியாவுக்கு நல்ல பங்கு உண்டு. 1985இலிருந்து முரசு அஞ்சலை வளர்த்துவரும் முத்து நெடுமாறன் மலேசியத் தமிழர்தான். அவருடைய செல்லினம் 2005இல் கைப்பேசிக்கு வந்தது. விசைப்பலகையும் ஒரு விட்ஜெட்தான். மற்ற எல்லாச் செயலிகளுக்கும் எழுத்தை ஊட்டுகிற விட்ஜெட் என்பதால் அது தவறினால் பழி ஊர் முழுக்கப் பரவும்.

ஜாசின் இளைஞரிடம் திரும்புவோம். கட்டங்களின் எண்ணிக்கையை வடிவங்களைப் பார்த்து ஒதுக்கினார், தோசை நின்றது. பிறகு ‘ஸ்ரீ’யைப் போட்டுப் பார்த்தார்: நான்கு குறியீடு, ஒரே வடிவம், நின்றது. ‘ரிக்‌ஷா’வும் நின்றது. கடைசியில் தோசையைத் தட்டச்சு செய்து அழிப்பு விசையை ஒரு முறை அழுத்தினார். ஒரு போனில் ‘தோச’ மிஞ்சியது. இன்னொரு போனில் ‘தோ’ மட்டும் இருந்தது. இரண்டில் எது சரி என்று உணவக முதலாளியிடம் கேட்டால், அவர் எழுத்தாக அழிய வேண்டும் என்பார். பாதி எழுத்து எப்படி அழியும் என்று திருப்பிக் கேட்பார். விசைப்பலகை செய்பவர்கள் இதில் இன்னும் ஒரு முடிவுக்கு வரவில்லை. அந்த வழக்கு அடுத்த வாரம்.

(தொடரும்)