மூக்கும் நரம்பும்

வீட்டை விட்டுப் புறப்படும் ஒருவன் எதிரே மற்றொருவன் தும்மிவிட்டால், போகிற காரியம் கைகூடாது என்று அஞ்சும் வழக்கம் நம்மிடையே இன்னும் அறவே ஒழிந்தபாடில்லை. ஆயின், விடியற்காலையில் கண் விழித்தது முதல் பத்து, இருபது என்று அடுக்கடுக்காகத் தும்மி, மூக்கிலும் கண்ணிலும் நீர் பெருக நிற்பவனுக்கோ அந்த அபசகுனம் தினந்தோறும் தன் முகத்திலேயே குடியிருக்கிறது. அவனுடைய துன்பத்தைச் "சாதாரண ஜலதோஷம்" என்று சுற்றத்தார் தள்ளிவிடுகின்றனர். "எல்லாம் மனப்பிரமை" என்று நகைப்போரும் உளர். இவ்விரு தீர்ப்புக்களும் அநீதியானவை என்பதே நமது அபிப்பிராயம்.

1819-ம் வருஷத்தில் லண்டன் வைத்தியர் ஜான் பாஸ்டாக், கோடைதோறும் தம்மையே பீடித்துவந்த இந்நோயை ஒரு வைத்திய சங்கத்தின்முன் விவரித்தார். மான்செஸ்டர் நகரத்து சார்லஸ் பிளாக்லி, தம் உடலையே சோதனைக்களமாக்கி, புல்லின் மகரந்தத் தூளே இதற்குக் காரணம் என்று 1873-ல் வெளியிட்ட நூலில் நிலைநாட்டினார். இத்துடன் வழக்கு முடிந்தது என்றே தோன்றிற்று. ஆனால் 1886-ல், அமெரிக்காவின் பால்டிமோர் நகரத்தில் ஜான் மெக்கென்ஸி என்ற வைத்தியர், ரோஜா மலரின் அருகே சென்றாலே தும்மலும் இழைப்பும் காணும் ஒரு மாதின் எதிரே செயற்கை ரோஜா ஒன்றை நீட்டினார். அதில் மகரந்தம் ஏது? எனினும் நோய் அவ்வாறே கண்டது! வெளித் தூசியே காரணம் என ஒரு கட்சியும், நரம்பே காரணம் என மற்றொரு கட்சியுமாக வைத்தியர்கள் பிரிந்து நின்ற காலம் அது. இரு கட்சியாரும் பாதி உண்மையையே பற்றி நின்றனர் என்பது இன்று தெளிவாகியிருக்கிறது.

முதற் பாதியைக் கூறுவாம். நம் உடலில் நோய்க்கிருமிகளை எதிர்க்கும் காவற்படை ஒன்று உண்டு. அலர்ஜி உள்ளவனிடம் அப்படை, மகரந்தம், வீட்டுத் தூசியில் வாழும் நுண்பூச்சியின் கழிவு முதலிய தீங்கற்ற பொருள்களையும் பகைவரென்று பதிவு செய்துகொள்கிறது. அப்பதிவேடே ஐ.ஜி.இ. எனப்படும் புரதம். 1966, 1967-ம் வருஷங்களில் அமெரிக்காவில் இஷிசாக்கா தம்பதிகளும், ஸ்வீடனில் பென்னிச், யோஹான்ஸன் என்போரும் இதனைத் தனித்தனியே கண்டறிந்தனர். மூக்கின் சவ்விலுள்ள மாஸ்ட் உயிரணுக்கள் இப்புரதத்தைத் தாங்கிக் காத்திருக்கின்றன. தூசி வந்து தொட்டதும், சில நிமிஷங்களுக்குள் அவை ஹிஸ்டமின் முதலிய ரஸாயனங்களை வாரி இறைக்கின்றன. நிராயுதபாணியான வழிப்போக்கனைக் கண்டு பட்டாளத்தை அழைக்கும் பயங்கொள்ளி சர்க்காரின் செய்கைக்கு இது நிகரானது.

இனி இரண்டாம் பாதி. ஹிஸ்டமின் மூக்கின் நரம்பு முனைகளைத் தீண்டியதும் செய்தி மூளையின் அடிப்பாகத்துக்கு விரைகிறது. அங்கிருந்து தும்மலுக்கு ஓர் ஆணையும், நீர் சுரக்க வேறோர் ஆணையும் பிறக்கின்றன. ஒரு நாசியில் மட்டும் தூசியை வைத்துச் சோதித்தபோது மற்றொரு நாசியிலும் நீர் சுரந்தது. நரம்பின் வேலைக்கு இதனினும் வேறு சாட்சியம் வேண்டுவதில்லை.

விந்தை இத்துடன் நிற்கவில்லை. செய்தி கொண்டு செல்லும் அந்நரம்பு முனைகளே, 1931-ல் ஆய்லர், காடம் என்போர் கண்டறிந்த "பி" என்னும் பொருளைச் சவ்வில் கக்குகின்றன. அது இரத்தக் குழாய்களை விரியச் செய்து, காவற்படையை மேலும் கிளப்பிவிடுகிறது. சில மணி நேரத்தில் வந்து குவியும் படையணுக்களோ, நரம்பை வளர்த்துக் கூர்மையாக்கும் பொருள்களைப் பொழிகின்றன. படை தந்தியைத் தூண்ட, தந்தி படையைத் தூண்ட, கலகம் தானே வளர்கிறது. அடுக்களையில் மிளகாய் தாளிக்கும் நெடி எவர் மூக்கையும் ஓட வைக்கும். அதில் அலர்ஜிக்கு இடமில்லை, நரம்பு ஒன்றே வேலை செய்கிறது. ஆனால் பல நாள் அலர்ஜியால் கூர்மையடைந்த நரம்புக்கு அவ்வளவு நெடியும் வேண்டுவதில்லை. ஊதுவத்திப் புகையும் குளிர்காற்றும் போதும். "தூசியே இல்லாத இடத்தில் தும்முகிறானே, பாசாங்கு" என்போர் இதனைச் சிந்திப்பார்களாக.

நிற்க. இவ்வறிவால் நோயாளிக்குப் பயன் யாது? 1961-ல் கோல்டிங்-உட் என்ற ஆங்கில ரணவைத்தியர், நீரைச் சுரப்பிக்கும் நரம்பை அறுத்துவிடும் சிகிச்சையை வெளியிட்டார். நீர் குறைந்தது உண்மையே. ஆனால் கண்ணீரும் வற்றிக் கண்கள் உலர நேர்ந்தது. தந்திக் கம்பியை அறுத்தால் கலகத்தின் காரணம் ஒழிந்துவிடாது. ஹிஸ்டமினைத் தடுக்கும் மருந்துக்கு 1937-ல் டேனியல் போவே வழி திறந்தார். ஆயினும் அவ்வகையின் பழைய மாத்திரைகள் மூளைக்குள்ளும் புகுந்து தூக்கத்தை விளைவிப்பவை. பரீட்சைக்குச் செல்லும் மாணாக்கனும் வண்டி ஓட்டுபவனும் அவற்றை விழுங்குதல் பேராபத்து. தூக்கம் குறைந்த புதிய மாத்திரைகள் இருக்கின்றன. மூக்கடைப்பை நொடியில் திறக்கும் சொட்டு மருந்தைச் சில நாட்களுக்கு மேல் தொடர்ந்தால், மருந்தே அடைப்பை உண்டாக்கும். ஸ்டீராய்ட் என்ற பெயரைக் கேட்டே அஞ்சுவோர் பலர். ஆயின் வைத்தியர் கூறிய அளவில் நாள்தோறும் மூக்கினுள் தெளிக்கும் அம்மருந்து, படையின் கொதிப்பை வேரிலேயே தணிக்க வல்லது. மூக்கும் நுரையீரலும் ஒரே பாதையின் இரு முனைகள். மூக்கை அசட்டை செய்தவன் பின்னர் ஆஸ்த்மாவால் வருந்துவதும் உண்டு.

ஆகவே, தூக்கம் தரும் மருந்துகளின் பொட்டலத்தின்மீது அவ்வெச்சரிக்கை தமிழில் பெரிய எழுத்தில் அச்சிடப்பட வேண்டும். தாய்மொழியில் சொல்லப்படாத எச்சரிக்கை ஏழைக்கு எச்சரிக்கையாகாது. வைத்தியர்கள் நோயாளியை ஏளனம் செய்யாது முழுவதும் கேட்டறிய வேண்டும். பால்டிமோர் மாது பொய் சொல்லவில்லை. அவளுடைய நரம்பு பழைய பகையை மறவாதிருந்தது, அவ்வளவே. நரம்பால் வரும் துன்பமும் துன்பமே என்பதை நம்மவர் உணர்ந்தால், தும்முகிறவனைக் கண்டு சகுனம் பார்ப்பதை விடுத்து, அவனுக்குச் சிகிச்சை தேட முற்படுவர்.