கருவி கத்தாத ஓடுகள்

மழை ஓய்ந்த மறுநாள் பழைய ஊர்மேட்டில் நடந்தால் காலில் இடறுவது ஓட்டாஞ்சில்லுதான். ஆடு மேய்க்கிற பிள்ளைகள் அதைப் பொறுக்கிச் சில்லு விளையாடுவார்கள். பெரியவர்களுக்கோ அந்த மேட்டில் எப்போதும் ஒரே பேச்சு: "உள்ளே புதையல் இருக்குமா?"

அந்தப் பேச்சுக்கு இப்போது ஒரு கருவி கிடைத்திருக்கிறது. சில ஆயிரம் ரூபாய் இருந்தால் மெட்டல் டிடெக்டர் வீட்டுக்கே வந்துவிடும். பாழடைந்த வீட்டுமனையில் அதை ஆட்டிக் காசு எடுக்கும் காணொளிகளைப் பார்த்து நம் இளைஞர்களும் ஆசைப்படுகிறார்கள். இரிடியம் கலசம் என்று ஏமாற்றும் கூட்டத்தை விட இது மேல்தான். ஆனாலும் இதில் நாம் இழப்பது என்ன என்று பார்க்க வேண்டும்.

கருவியின் அடியில் ஒரு கம்பிச் சுருள் இருக்கிறது. அது மண்ணுக்குள் காந்தப் புலத்தை அனுப்புகிறது. கீழே உலோகம் இருந்தால் அதில் மின்னோட்டம் எழும். அதை உணர்ந்து கருவி கத்தும். சிறு காசு என்றால் ஒரு சாண், மிஞ்சினால் ஒரு முழ ஆழம். நம் கடற்கரையின் ஈர உப்பு மணலோ மின்சாரத்தைக் கடத்தும். அதனால் மலிவான கருவி உலோகம் இல்லாத இடத்திலும் கத்தும். கத்திய இடத்தையெல்லாம் தோண்டினால் மேடு சல்லடையாகிவிடும்.

மண்பானை, எலும்பு, மணி, செங்கல் எதற்கும் அது கத்தாது. ராமநாதபுரத்துக்குப் பக்கத்தில், வைகை கடலில் சேரும் இடத்தை ஒட்டி இருக்கிறது அழகன்குளம். அங்குள்ள கோட்டைமேட்டில் தமிழ்நாடு தொல்லியல் துறை 1986-87இல் தொடங்கி 2016-17 வரை பல கட்டங்களாக அகழாய்வு செய்தது. ரோமானியக் காசுகள் கிடைத்தன. அந்தக் காசுகளுக்குக் கருவி கத்தியிருக்கும். கப்பல் உருவம் கீறிய பானை ஓட்டைக் கருவி தாண்டிப் போயிருக்கும். தமிழி எழுத்து கீறிய ஓடுகளையும் அப்படித்தான். கீழடியில் 'ஆதன்', 'குவிரன்' என்று பெயர் கீறிய ஓடுகள் கிடைத்தன. மன்னர்கள் கல்லில் வெட்டி வைத்தார்கள். சாதாரண மனிதர்கள் பானையில் கீறி வைத்தார்கள். கோயில் கல்வெட்டில் இடம் கிடைக்காதவர்களின் வரலாறு பெரும்பாலும் இந்த ஓட்டாஞ்சில்லு வகையைச் சேர்ந்தது. காசுக்காகக் குழி பறிக்கும் மண்வெட்டி முதலில் உடைப்பது அதைத்தான்.

சேரி இருந்த பழைய மனைகளைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஆதிதிராவிடர் நலத் திட்டங்களுக்கு நிலம் எடுக்க 1978இல் தமிழ்நாட்டில் தனிச் சட்டம் வந்தது. புதுக் காலனிக்கு மாறிய பல ஊர்களில் பழைய குடியிருப்பு மண்மேடாகக் கிடக்கிறது. அங்கே தங்கம் இருக்க வழியில்லை. ஒரு இலங்கை செப்புச் சதம் கிடைக்கலாம். மண்டபம் முகாமில் அடைபட்டு, தனுஷ்கோடியில் கப்பலேறி, தலைமன்னார் வழியாகத் தேயிலைத் தோட்டத்துக்குப் போனவர்களில் தலித் மக்கள் ஏராளம். 1964 அக்டோபரில் சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தம் கையெழுத்தானது. அதே டிசம்பரில் புயல் தனுஷ்கோடியைத் தின்றது. அந்தச் சதத்துக்குச் சந்தையில் மதிப்பே இல்லை. ஆனால் அது எந்த வீட்டுத் தரையில், எந்த அடுப்பங்கரையில் கிடந்தது என்று குறித்து வைத்தால், ஒரு குடும்பம் கடல் கடந்து போய் வந்ததற்குச் சாட்சி. பிடுங்கிப் பையில் போட்டால் வெறும் செம்பு.

இதே கருவியை வேறு விதமாகவும் பயன்படுத்தியிருக்கிறார்கள். அமெரிக்காவின் நான்காம் அதிபர் ஜேம்ஸ் மேடிசனுக்கு வர்ஜீனியாவில் மான்ட்பெலியர் என்ற பண்ணை இருந்தது. அங்கே அடிமைகள் வாழ்ந்த குடிசைகளின் சுவடு மேலே தெரியவில்லை. தொல்லியலாளர்கள் டிடெக்டர் பழக்கமுள்ளவர்களையே அழைத்து வந்தார்கள். பழைய ஆணிகள் எங்கே நெருக்கமாகக் கிடக்கின்றன என்று வரைபடத்தில் குறித்தார்கள். ஆணிக் குவியல்கள் அடிமைகளின் வீடுகள் இருந்த இடத்தைக் காட்டிக்கொடுத்தன. துருப்பிடித்த ஆணிக்கு அங்கே அவ்வளவு மரியாதை!

குழி என்றாலே இறங்குவது யார் என்ற கேள்வியும் வரும். கண்மாய் வெட்டு, நூறு நாள் வேலை, கழிவுநீர்த் தொட்டி என்று எதுவானாலும் பெரும்பாலும் நம் ஆட்கள்தான். 2018 ஜூனில் தங்கச்சிமடத்தில் ஒரு வீட்டில் கழிவுநீர்த் தொட்டிக்குக் குழி தோண்டியபோது பெட்டி பெட்டியாகத் துப்பாக்கித் தோட்டாக்கள் வந்தன. 1980களில் இலங்கைப் போராளிகள் புதைத்தவை என்று கருதப்பட்டது. இந்தக் கரையில் கருவி கத்தினால் அது காசாகத்தான் இருக்கும் என்று நம்பி கடப்பாரையை ஓங்கிவிடாதீர்கள்.

சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்தின் செப்புத் திருமேனிகளில் பல, புதையலாகக் கிடைத்து அரசிடம் வந்தவை. பலகையில் ஊர்ப் பெயர் இருக்கும்; மண்வெட்டி பிடித்தவர் பெயர் பெரும்பாலும் இருக்காது. ஆனால் சட்டம் கண்டெடுத்தவரை மறக்கவில்லை. 1878ஆம் ஆண்டு இந்தியப் புதையல் சட்டம் இன்றும் நடப்பில் உள்ளது. மண்ணில் மறைந்திருந்த, பத்து ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள எதுவும் புதையல்தான். ஆட்சியருக்கு எழுத்து மூலம் தெரிவிக்க வேண்டும். ஆட்சியர் விசாரித்து, உரிமையாளர் இல்லாத பொருள் என்று அறிவித்தால், கண்டெடுத்தவருக்கு முக்கால் பங்கு. இடத்தின் சொந்தக்காரருக்குக் கால் பங்கு. இருவரும் முன்பே ஒப்பந்தம் செய்திருந்தால் அதன்படிதான் பங்கு. ஆகவே மேஸ்திரி நீட்டும் தாளில் படிக்காமல் கைநாட்டு வைக்கக் கூடாது. அரசே பொருளை எடுத்துக்கொண்டால் அதன் உலோக மதிப்புக்கு மேல் ஐந்தில் ஒரு பங்கு சேர்த்துத் தரும். மறைத்தால் பங்கும் போகும், ஓராண்டு வரை சிறையும் உண்டு. முக்கால் பங்கு தருவதற்குச் சட்டம் சாதி கேட்கவில்லை.

மாணவர்களுக்குப் பக்கத்திலேயே ஒரு முன்மாதிரி இருக்கிறது. திருப்புல்லாணி அரசு மேல்நிலைப் பள்ளியின் தொன்மைப் பாதுகாப்பு மன்றத்தில் பிள்ளைகள் கல்வெட்டு படிக்கப் பழகினார்கள். அதைப் போல உங்கள் ஊர்ப் பழைய மனைகளையும் தோண்டாமலே பதிவு செய்யலாம். கிணறு எங்கே, களம் எங்கே, யார் வீட்டு வாசல் எந்தத் திசை என்று பாட்டியைக் கேட்டு நோட்டில் வரைந்தாலே போதும்.

எதிர்பாராமல் ஏதாவது கிடைத்துவிட்டால் அசைக்காமல் செல்போனில் படம் எடுங்கள். மனுவில் நான்கு விவரம் எழுதுங்கள்: என்ன பொருள், எவ்வளவு, எந்த இடம், எந்தத் தேதி. கண்டெடுத்தவர் என்று உங்கள் பெயரை முதல் வரியிலேயே போடுங்கள். ஆட்சியர் அலுவலகத்தில் கொடுத்து, நகலில் முத்திரை வாங்கிக்கொண்டு வெளியே வாருங்கள்.