தொடக்க நூல் தேர்வும் நன்னூற் பாயிரமும்

திருவரங்கத்திலிருந்து வரும் நம் துறை மாணவி ஒருவர், தம் பாட்டி பாடும் தாலாட்டுகளை இணையத்தில் ஏற்ற விழைந்து, பழைய புத்தகக் கடையில் நிரலாக்க நூலொன்றை வாங்கினார். இரு திங்கள் முயன்று, எழுத்துக்கு நிறமூட்டும் 'ஃபாண்ட்' குறியை நன்கு கற்றார். அக்குறியோ 1997இல் வந்த எச்.டி.எம்.எல். 4இலேயே தவிர்க்கத்தக்கது எனப்பட்டது, 2014இன் எச்.டி.எம்.எல். 5 அதனை அறவே விலக்கியது. தோற்றத்தைக் கவனிப்பது இன்று சி.எஸ்.எஸ். உழைப்பு வீணாயிற்றே என அவர் வருந்தியபோது எனக்குப் பவணந்தியார் நினைவுக்கு வந்தார்.

நன்னூல் கூறும் நூற்குற்றம் பத்தனுள் 'நின்று பயனின்மை' ஒன்று. வழக்கொழிந்த குறிகளைக் கற்பிக்கும் ஏட்டுக்கு வேறு பெயர் வேண்டுமோ? கணினி வரலாற்றில் ஐம்பது பக்கம் செலவிடுவது 'மற்றொன்று விரித்தல்'. முதலில் ஆர்வமாய் விளக்கி, ஜாவாஸ்கிரிப்ட் வந்ததும் நிரலை மட்டும் அச்சிட்டு ஓய்வது 'சென்று தேய்ந்திறுதல்', இக்குற்றமே மிகுதி. ஆகவே வாங்குமுன் பதிப்பாண்டைப் பாருங்கள்; பின்பு கடைசி இயல்களைப் புரட்டுங்கள். அட்டையை நம்பற்க!

பத்தழகினுள் 'முறையின் வைப்பு' தலையாயது. பக்கத்தின் அமைப்பு, பிறகு தோற்றம், அதன்பின் இயக்கம் என்பதே தொடங்குவோர்க்கு ஏற்ற முறை.

தமிழ் பயில்வோர் காண வேண்டியது இன்னொன்று: முதற்பயிற்சியிலேயே யு.டி.எஃப்-8 குறியாக்கத்தை அறிவிக்கச் சொல்கிறதா? அவ்வறிவிப்பு இல்லையேல் தமிழெழுத்து உலாவியில் சிதைந்து தோன்றக்கூடும். ஆங்கிலம் மட்டும் எண்ணி எழுதுவோர் இதனை ஒரு வரியில் கடந்துவிடுவர்.

கணிப்பொறியைத் தமிழில் தெளிவுறச் சொல்லலாம் என்பதை அதே திருவரங்கத்தில் வளர்ந்த சுஜாதா காட்டிச் சென்றார். மாணவி இப்போது வேறொரு நூலில் மூன்றாம் இயலில் இருக்கிறார். பாட்டியின் முதல் தாலாட்டு அவர் திரையில் சிதையாமல் தெரிகிறது.