கார்புரேட்டர் ஏன் கசிகிறது?

காஞ்சிபுரத்தில் ஒரு வீட்டில் பழைய அம்பாசிடர் கார் ஒன்று இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். ஆடி மாதம் கல்யாணம் இல்லை; கார் கொட்டகையிலேயே நின்றது. ஆவணி பிறந்ததும், பட்டுப்புடவை எடுக்க வரும் உறவினர்களை அழைத்துவர அதைக் கிளப்புகிறார்கள். பெட்ரோல் நெடி மூக்கைத் துளைக்கிறது. பானெட்டைத் திறந்தால் கார்புரேட்டரிலிருந்து பெட்ரோல் சொட்டுகிறது! ஒரு மாதம் சும்மா நின்ற கார் எப்படிப் பழுதாயிற்று?

முதலில் எஞ்சினை நிறுத்தி ஆறவிடுங்கள். பெட்ரோல் ஆவி காற்றைவிட மூன்று, நான்கு மடங்கு கனமானது. மேலே போகாமல் தரையோரம் தேங்கி நிற்கும். எங்கோ தெறிக்கும் சிறு மின்பொறியே அதைப் பற்றவைக்கப் போதும். ஆகவே பாட்டரி இணைப்பைக் கழற்றிவிட்டு, காற்றோட்டமான இடத்தில்தான் இந்த வேலையைத் தொடங்க வேண்டும்.

ஒரு குட்டி ஏரி

கார்புரேட்டரில் மிதவை அறை என்று ஒரு பகுதி உண்டு. அதை ஒரு குட்டி ஏரி எனலாம். பெட்ரோல் வரும் வழியில் ஊசி போன்ற ஒரு வால்வு இருக்கிறது. அறை நிரம்ப நிரம்ப மிதவை எழுந்து, ஊசியை மேலே தள்ளி வழியை அடைக்கிறது. மட்டம் தாழ்ந்ததும் வழி திறக்கிறது.

இந்த மட்டத்துக்கு ஏன் இவ்வளவு காவல்? காற்று செல்லும் குழாய் ஓரிடத்தில் குறுகலாக இருக்கிறது. அங்கே காற்று விரைந்து ஓடுவதால் அதன் அழுத்தம் குறைகிறது. இது 1738-இல் பெர்னூலி வெளியிட்ட தத்துவம். அறையிலுள்ள பெட்ரோலை வெளிக்காற்றின் அழுத்தம் அந்தக் குறுகிய இடத்துக்குத் தள்ளுகிறது. ஒரு கிராம் பெட்ரோலுக்குச் சுமார் 15 கிராம் காற்று சேர்ந்தால் நன்றாக எரியும். பெட்ரோல் மட்டம் துளைவாய்க்குச் சற்றே கீழே நிற்க வேண்டும். மிஞ்சினால் ஏரி கலங்கல் பாய்வதுபோல் வழிந்துவிடும்.

ஈரம் சொல்லும் சேதி

கசிவைக் கண்டவுடன் பலர் எல்லாத் திருகாணிகளையும் இறுக்குகிறார்கள். இது தவறு. கார்புரேட்டரின் உடல் மெல்லிய உலோகக் கலவை. மிகையாக இறுக்கினால் மூடி வளைந்து கசிவு கூடும். அதற்குமுன், துணியால் நன்கு துடைத்துவிட்டு, ஈரம் முதலில் எங்கே தோன்றுகிறது என்று பாருங்கள்.

மூடியின் விளிம்பில் தோன்றினால், பேக்கிங் காய்ந்து சுருங்கியிருக்கிறது. குழாய் இணைப்பில் தோன்றினால், ரப்பர் குழாயோ அதன் கிளிப்போ பழுது. அறை நிரம்பி வழிந்தால், குற்றம் ஊசியிலோ மிதவையிலோ இருக்கிறது.

நின்ற காரில் பெட்ரோல் ஆவியாகிப் போகும். எஞ்சியது பிசின்போல் படியும். அந்தப் பிசின் ஊசியை ஒட்டவைத்தால் வழி மூடாது. ஒரு தூசியும் அதே வேலையைச் செய்யும். சுத்தம் செய்தும் நிற்காவிட்டால் ஊசியையும் அது அமரும் இருக்கையையும் சேர்த்தே மாற்ற வேண்டும். வால்வின் அடியிலுள்ள வாஷரையும் அதே தடிப்பில் போடுங்கள். தடிப்பு மாறினால் பெட்ரோல் மட்டமே மாறிவிடும்.

பித்தளை மிதவையைக் காதருகே ஆட்டிப் பாருங்கள். உள்ளே தளும்பும் ஓசை கேட்டால் அதில் ஓட்டை விழுந்திருக்கிறது. வெந்நீரில் அமிழ்த்தினால் குமிழிகள் ஓட்டையைக் காட்டிக்கொடுக்கும். ஈயம் வைத்து அடைக்கலாமா? கூடிய எடையால் மிதவை தாழ்ந்து மிதக்கும், வழி தாமதமாக மூடும், மட்டம் உயரும். ஆர்க்கிமிடீஸ் தத்துவம் இங்கேயும் விடுவதில்லை! தவிர, உள்ளே பெட்ரோல் மிச்சமிருக்கச் சூடு வைப்பது பேராபத்து. புதிய மிதவையே நல்லது.

இன்று இன்னொரு காரணமும் சேர்ந்துள்ளது. 2025-இல் இந்தியா பெட்ரோலில் 20 சதவீதம் எத்தனால் கலக்கும் நிலையை எட்டியது. பழைய கால ரப்பர் இந்தக் கலவைக்காகச் செய்யப்பட்டதல்ல. அது உப்பிப் பின் வெடிக்கக்கூடும். எத்தனாலைத் தாங்கும் குழாயும் பேக்கிங்கும் கேட்டு வாங்குங்கள்.

காஞ்சிபுரம் மாவட்டத்து இருங்காட்டுக்கோட்டையில் 1998 முதல் உருவான சான்ட்ரோ காரில் கார்புரேட்டரே கிடையாது. கம்ப்யூட்டர் அளந்து பெட்ரோலைப் பீச்சியது. ஆனாலும் மிதவை மறைந்துவிடவில்லை. உங்கள் வீட்டு மாடித் தண்ணீர்த் தொட்டி நிரம்பி வழிகிறதா? அங்கேயுள்ள மிதவைப் பந்தை ஆட்டிப் பாருங்கள்; அதே பாடத்தை அதுவும் சொல்லும்.